வாசப்படியில் கிடந்த சேனே

நம்புறவ நம்பட்டும், நம்பாதவ எங்க தெருவுக்கு வந்து குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்துச்சு, நான் ஆப்பம் சுட்டு விக்கிறவ, கதை விக்கிறவ இல்ல. புன்னைத்துறையில மாதா கோயிலுக்குப் பின்னால கடலைப் பாக்க ஓடுற தெருவுலதான் சந்தியாகு வீடு, அதை ஒட்டி அவரு தம்பி கஸ்பார் வீடு. அவுக ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு, அவுகளுக்கும் எனக்கும் நடுவுல ஒரே ரோடு. அதனால அங்க நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும், தெரியாததைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

கஸ்பார் கப்பல்காரன். சரக்குக் கப்பல்ல ஏறினா வருசத்துக்கு ஒருக்கத்தான் கரைக்கு வருவான். அப்படிப் போனவன், சமோவான்னு ஒரு தீவுல, நாம முழிச்சிருக்கும்போது அவுக தூங்குற அத்தனை தூரத்துல, கப்பல் இஞ்சின் கெட்டு மாசக்கணக்கா நின்னப்ப, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போன எடத்துல ஒரு பிள்ளையைப் பாத்து, அங்கேயே சாமியார் முன்னால மோதிரம் மாத்தி, கையைப் பிடிச்சு ஊருக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். அவ பேரு மாசினா. அவுக பாஷையில நெலான்னு அர்த்தமாம். எங்க தெருப் பயலுவ மாசின்னு சுருக்கி, அப்புறம் மாசிக்கருவாடுன்னு நீட்டிக் கேலி பண்ண, அவளும் சேந்து வாய்விட்டுச் சிரிச்சா. நெலைவாசல்ல தலை முட்டுற ஒசரம், சிரிச்சா மூணாவது வீட்டுல பாலு குடிக்கிற பிள்ள முழிச்சிக்கிடும்.

அவ வந்து எறங்கின அன்னைக்கு, சந்தியாகு பொண்டாட்டி அமலோற்பவந்தான் மெழுகுதிரியும் கையுமா கஸ்பார் வீட்டு வாசல்ல நின்னு நெத்தியில சிலுவை போட்டு உள்ள கூப்பிட்டா. கூப்பிட்ட வாயில சிரிப்பு இருந்துச்சு, கண்ணுல இல்ல, நான் பாத்தேன். மாசினா வாசப்படியில கால் வைக்கையில அவ உள்ளங்கையில பொத்தி வச்சிருந்த ஒரு காசு நழுவிச் சிமிண்டுப் படியில விழுந்துச்சு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் ஒரு ஆளோட தலை, மறுபக்கம் தேங்கா. "காசு விழுந்துட்டுட்டி"ன்னு அமலோ குனிஞ்சா. காசு வரல. நகத்தைக் குடுத்து நெம்பினா, வரல. சந்தியாகு வந்தாரு, வரல. தெருவே வந்துச்சு, நானும்தான் மாவுக் கையைத் தொடச்சுக்கிட்டுப் போனேன், வரல. யாரோ கடப்பாரையைக் கொண்டாந்து நெம்பினதுல படியில கீறல் விழுந்துச்சே தவிர காசு அப்படியே கெடந்துச்சு. காசு கனமா இருந்துச்சு, அவ்வளவுதான். இருட்டப் போகுதுன்னு எல்லாரும் கலையுற நேரத்துல மாசினா குனிஞ்சு ரெண்டு விரலால அதை எடுத்து, ஊதித் தொடச்சு, எங்களைப் பாத்துச் சிரிச்சிட்டு, மறுபடி அதே எடத்துல வச்சா.

ஏன் வச்சா தெரியுமா? புதுப் பொண்ணு வீட்டு வாசல்ல ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சு காசைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறது இந்த ஊரு வழக்கம்போலன்னு நெனச்சுட்டா, பாவி! அதனால தெனமும் காலையில படியைக் கூட்டும்போது காசை எடுப்பா, கூட்டுவா, திரும்ப வைப்பா, வாரவங்க போறவங்க குனிஞ்சு முக்கிப் பாத்துட்டுப் போகையில அவளும் மரியாதைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிடுவா. தமிழு பேச வந்தப்புறந்தான் அவளுக்கு வெவரம் தெரிஞ்சுது.

எங்களுக்கும் மொதல்ல வெவரம் தெரியாதுதான். சின்னப் பிள்ளைங்க அதை எடுத்து வாயில போட்டுக்கிட்டு ஓடுச்சுவ. குடிகாரன் இன்னாசி எடுத்தான், அவனுக்கு அவன் பாட்டிலைத் தவிர உலகத்துல எதுவும் வேண்டாம். ஆட்டோ ஓட்டுற லூர்துசாமி ஒருநாள் காலையில எடுத்துத் தட்டாமாலை சுத்திக் காட்டினான், அன்னைக்கே சாயங்காலம் எடுக்க முடியாம வேர்த்து ஒழுகி நின்னான். நடுவுல என்னடா நடந்துச்சுன்னா, மத்தியானம் அவன் சகலை புது ஆட்டோ வாங்கி அவன் வீட்டு வாசல்லயே நிறுத்தி ஆரன் அடிச்சிருக்கான். அப்பந்தான் கோயில் உபதேசியார் மெள்ளச் சொன்னாரு, "இது வேற ஒண்ணும் இல்லம்மா, மனசுல வயித்தெரிச்சல் இருந்தா கனக்குது, இல்லன்னா கனக்கல." சொல்லிட்டு, அந்தக் காசுப் பக்கமே அவரு வரல.

அதுக்கப்புறம் அந்தக் காசு எங்க ஊருக்குப் பழகிப் போச்சு, தண்ணி வராத குழாயும் ஆறுமணிக்கு வார பஸ்ஸும் பழகின மாதிரி. ரெண்டு பேரு சேந்து வள்ளம் வாங்கணும்னா மொதல்ல மாசினா வீட்டுப் படியில வந்து குனிஞ்சு பாப்பாவ. பொண்ணு பாக்க வந்தவுக, பொண்ணோட அக்காமாரைத்தான் குனிய வச்சாவ. கோயில் கமிட்டிக்கு ஆளு போடுறதுக்கு, காசைத் தூக்குறவர்தான் தலைவர்னு முடிவு பண்ணி, ஒருத்தராலயும் முடியாம, பழைய கமிட்டியே இன்னைக்கு வரைக்கும் ஓடுது. பங்குச்சாமி ஒருநாள் தண்ணி தெளிக்கிற சாக்குல வந்து, அங்கியைத் தூக்கிச் சொருகிக் குனிஞ்சாரு, பாவம், பக்கத்துப் பங்குல புதுசா மணிக்கோபுரம் கட்டியிருந்த நேரம், மூஞ்சி செவந்து போய்ட்டாரு. அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல பணிவைப் பத்திச் சுருக்கமாப் பேசி முடிச்சிட்டாரு. பக்கத்து ஊர்க்காரனுவ வேன் வச்சு வந்து பாத்துட்டு, "எங்க ஊருல இப்படி ஒண்ணு இல்லையே"ன்னு பெருமூச்சு விட்டுட்டுக் குனிஞ்சானுவ. விட்டிருமா அது!

பேரும் பழகிப் போச்சு. அது என்னட்டி காசுன்னு கேட்டதுக்கு மாசினா சேனேன்னு சொன்னா. சேனைக்கிழங்கான்னு நாங்க சிரிச்சோம். அவ சொன்ன கதை இது. அவுக ஊருல முன்ன காலத்துல காசே கெடையாதாம், பாயும் பன்னியும் மீனும் குடுத்து வாங்குறதுதானாம். அப்புறம் இங்கிலீசு பேசுறவன் கப்பல்ல வந்து, சரக்கோட சரக்கா சென்ட்டுங்கிற சொல்லையும் கரையில எறக்கிட்டுப் போயிருக்கான். "எங்க ஊருல எந்தச் சொல்லும் வாயை மூடிக்கிட்டு முடியாதுக்கா, தொறந்துதான் முடியணும். அதான் சென்ட்டு வந்து சேனே ஆயிட்டு, டாலரு வந்து தாலா ஆயிட்டு"ன்னு சொல்லி, சேனேன்னு வாயைத் தொறந்து காட்டினா. நாமளும் பஸ்ங்கிறதைப் பஸ்ஸுன்னுதானே சொல்லுதோம், துட்டுங்கிறதே ஒல்லாந்துக்காரன் இந்தக் கடற்கரையில விட்டுட்டுப் போன சொல்லுதான்னு உபதேசியார் எடுத்துக் குடுத்தாரு.

கேட்டுக்கிட்டிருந்த அமலோவுக்கு அதுலயும் பொறுக்கல. "ஒரு சில்லறைச் சொல்லு, பெறந்த எடத்துல மதிப்பத்துக் கெடந்தது, அத்தனை தூரம் போயி அங்க என்ன வாழ்வு வாழ்ந்திருக்கு பாத்தியா, பேரை மாத்தி, அழகாக்கி, வீட்டுப் பிள்ளையா வச்சிருக்காவ. நான் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனை வருசம், என்னைய யாரு அப்படி வச்சா?"ன்னு என் ஆப்பக்கடையில வந்து உக்காந்து புலம்பினா. சொல்லு மேலயே பொறாமைப்பட்ட ஒரே பொம்பளை அவதான். அந்தச் சொல்லும் சும்மா இருக்கல, எங்க தெருவுக்கு வந்து மூணாவது ஒரு வாழ்வு எடுத்துக்கிட்டு. "அவளுக்குச் சேனே ஏறிட்டு", "உனக்கென்னல இவ்வளவு சேனே", பொறாமையை இப்படித்தான் இப்ப நாங்க பேசுறது. வெளியூர்லருந்து வந்த மருமகளுவகூட ரெண்டு மாசத்துல பேசிப் பழகிடுதாளுவ.

இனி நான் அமலோ கதையைச் சொல்லணும், அவ கதைதான் இது. பொல்லாதவ இல்ல அவ. நேரங்கெட்ட நேரத்துல எந்த வீட்டுல பிரசவம்னாலும் மொத ஆளா வெந்நீர் வைக்கிறவ. ஆனா அவளுக்கு வாய்ச்ச சந்தியாகு உப்பு லாரி ஓட்டுறவரு, வாயில உப்பை வச்சு மூடின மாதிரி ஒரு மனுசன். வருவாரு, திம்பாரு, படுப்பாரு. அவளைப் பாத்து நல்லா இருக்கன்னும் சொன்னதில்ல, நாசமாப் போன்னும் சொன்னதில்ல. சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்பாரு லீவுக்கு வந்தான்னா, பட்டப்பகல்ல, தெருவே பாக்க, மாசினாவைப் படியில உக்கார வச்சு அவ முடியை மடியில போட்டுச் சிக்கெடுத்துச் சீவி விடுவான்! கப்பலுக்குப் போய்ட்டான்னாலும் தெனமும் போன்ல மூஞ்சியைக் காட்டிப் பாட்டுப் படிப்பான், அவ இங்கருந்து பாடுவா, இந்தப் பக்கம் நாங்க பாத்திரத்தை டமார்னு போட்டு ஒடைப்போம். எந்தப் பொம்பளைக்கு அய்யா பொறுக்கும்? எனக்கும்தான் பொறுக்கல, நான் ஒளிச்சா பேசுதேன்?

ஆனா அமலோ பொறாமைக்குள்ள இன்னொரு பொறாமை இருந்துச்சு. அது மாசினா கிட்ட இருக்கிற எதைப் பத்தியும் இல்ல, அவ கிட்ட இல்லாததைப் பத்தி. மாசினாவுக்குப் பொறாமையே கெடையாது. அமலோ சீட்டுப் பிடிச்சு ரெட்டை வடம் சங்கிலி எடுத்துப் போட்டுக்கிட்டு, வேணும்னே சுவருக்கு மேல எக்கித் துணி காயப்போட்டா. மாசினா பாத்துட்டுக் கையைத் தட்டி, "அய்யோ அக்கா, எவ்வளவு அழகு! திரும்புங்க, திரும்புங்க"ன்னு குதிச்சா, அதே வேகத்துல படியில காசை எடுத்துக் கூட்டிட்டு வச்சா, இறகு மாதிரி. அமலோ மகன் பன்னெண்டாம் வகுப்புல நல்ல மார்க்கு எடுத்தான், மாசினா தெருவுக்கே தேங்காப்பால்ல பாயசம் வச்சு ஊத்தினா. அன்னைக்கு அமலோ எங்கிட்ட வந்து கண்ணு கலங்கிச் சொன்னது எனக்கு இப்பவும் காதுல கெடக்கு. "பிலோமி, அவ பாத்துப் பொறாமைப்படுத மாதிரி என்கிட்ட ஒண்ணுகூடவா இல்ல? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொருளுக்கு, அவ வயிறு எரியணும். அதை நான் கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம் நான் செத்தாலும் சரிதான்."

இதுக்கு நடுவுல மாதா சேலை வந்து சேந்துச்சு. எங்க மாதா திருவிழாவுக்குச் சப்பரம் எடுக்கிறதுக்கு முந்தி, சொரூபத்துக்குப் புதுச் சேலை கட்டுறது எங்க தெருப் பொம்பளையில ஒருத்திக்கு உள்ள உரிமை. சேலையைத் தொவைச்சு, கஞ்சி போட்டு, விசிறி மடிப்பு எடுத்து, பீடத்துல ஏறி மாதாவுக்குக் கட்டி எறங்கி வரும்போது, ஆம்பளையெல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிப்பானுவ. வருசா வருசம் அமலோதான் கட்டிக்கிட்டு வந்தா. இந்த உலகத்துல அவளுக்குன்னு இருந்த ஒரே மரியாதை அது. அதுக்கும் சேனே பிடிச்ச நாலு பேரு, ஏன் அவளே கட்டணும், நாங்க கட்டினா மாதாவுக்குச் சேலை நிக்காதான்னு கமிட்டியில போயிக் கத்த, கமிட்டிக்காரனுவ தலைவலி தாங்காம, காசைத் தூக்குறவ சேலை கட்டட்டும், அதுதான் ஞாயம்னு தீர்ப்புச் சொல்லிட்டானுவ. வளந்த பொம்பளையில தூக்குறவ யாரு? மாசினா ஒருத்தி.

மாசினா ஓடியாந்தா. "எனக்குச் சேலையே ஒழுங்காக் கட்டத் தெரியாதே அக்கா, மாதாவுக்கு நான் என்னத்தைக் கட்ட? நீங்களே கட்டுங்க, நான் கமிட்டியில சொல்லுதேன்"ன்னு கையைப் பிடிச்சா. அமலோ உதறிட்டா. "பிச்சை போடுதியாட்டி எனக்கு? திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள அந்தச் சவம்பிடிச்ச காசை நானே தூக்கிக் காட்டுதேன், அப்பப் பாரு."

அவ பட்ட பாடு இருக்கே! கறி மீனு தொடாம சுத்தபோசனம் இருந்தா, காசு கூடுதலாக் கனத்துச்சு, திங்கிறவங்களைப் பாத்துப் பொறாமை வந்திருக்கும். உவரி கோயிலுக்கு நேந்துக்கிட்டு நடந்து போனா, வழியில அவளை முந்திக்கிட்டுப் போன பொம்பளைங்க மேல பொறாமை. தெனமும் காலையில ஆப்பச்சட்டியை நான் அடுப்புல ஏத்துற நேரத்துக்குச் சரியா வந்து, முந்தானையை இழுத்துச் சொருகி, ரெண்டு காலையும் அகட்டி வச்சு, மூச்சைப் பிடிச்சு, கல்லைப் பெயர்க்கிற மாதிரி இழுப்பா. "இன்னும் கொஞ்சம் தம் பிடிடி"ன்னு நான் இங்கருந்து கேலி பண்ணுவேன். கடைசியில ஒருநாள் மாதா கால்ல விழுந்து சத்தமாவே கேட்டா, "அம்மா, அவ மேல எனக்கு இருக்கிற பொறாமையை எப்படியாவது எடுத்துரு." எப்படியாவதுன்னா கேப்பா ஒருத்தி? கேட்டுட்டா.

அந்தக் காலையில சந்தியாகு குளிக்கப் போயிருந்தாரு. அவரு போன் அடிச்சுது, அமலோதான் எடுத்தா. கப்பல் கம்பெனியில, ஏதாச்சும்னா வீட்டுக்குச் சொல்லுறதுக்குக் கஸ்பாரு தன் அண்ணன் நம்பரைத்தான் குடுத்திருக்கான். தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் பேசினானாம். பெருங்காத்துல மேல்தட்டுல வேலை செஞ்சிக்கிட்டிருந்த கஸ்பாரை அலை அடிச்சிட்டுப் போய்ட்டு, தேடிப் பாத்தாச்சு, கெடைக்கல, இனி தேடுறதுக்கில்லைன்னு சொல்லி, ரெண்டு தரம் மன்னிப்புக் கேட்டுட்டு வச்சிட்டானாம்.

இது எதுவும் எனக்கு அப்பத் தெரியாது. வழக்கம்போல அமலோ வெளிய வந்தா, வழக்கம்போல சுவரைச் சுத்திக்கிட்டு மாசினா வாசலுக்குப் போனா. நடை மட்டும் தண்ணிக்குள்ள நடக்குற மாதிரி இருந்துச்சு. மாசினா படியோரமா உக்காந்து தேங்கா துருவிக்கிட்டிருந்தா. "வாங்கக்கா, இன்னைக்குத் தூக்கிருவீங்க பாருங்க"ன்னு சிரிச்சா. அமலோ என்ன சொல்லுவா, எப்படிச் சொல்லுவா? சொல்லத் தெரியாம, கையை எங்க வைக்கன்னும் தெரியாம, தெனமும் செய்யிற காரியத்தைச் செய்யப் போனா. முந்தானையைச் சொருகினா. காலை அகட்டினா. மூச்சைப் பிடிச்சு இழுத்தா.

வந்துட்டு. எடுத்த வேகத்துக்கு அவ மல்லாக்க நடுரோட்டுல போயி விழுந்தா, கையில காசு.

நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? கையைத் தட்டினோம். "தூக்கிட்டாடி! அமலோ தூக்கிட்டாடி!"ன்னு நான் கரண்டியால ஆப்பச்சட்டியைத் தட்டினேன், பிள்ளைங்க கமிட்டிக்குச் சொல்ல ஓடுச்சு, எவனோ திருவிழாவுக்கு வாங்கி வச்ச வெடிச்சரத்தைக் கொளுத்திப் போட்டுட்டான். எல்லாருக்கும் முந்தி மாசினாதான் துருவின கையோட ஓடியாந்து அமலோவைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடிச்சுச் சுத்தினா. "சேலை உங்களுக்குத்தான்! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!" அந்த அணைப்புக்குள்ள இருந்து அமலோ போட்ட சத்தம் இருக்கே, வெடிச்சத்தத்துக்கு மேல கேட்டுச்சு. மாசினா கொஞ்சம் கொஞ்சமா நின்னா. அமலோ மூஞ்சியைப் பாத்தா, அவ கையில இருந்த காசைப் பாத்தா, மறுபடி மூஞ்சியைப் பாத்தா. "அக்கா," ன்னா, "இப்ப எப்படி ஒங்களால எடுக்க முடிஞ்சுது?" அமலோ கொழுந்தன் பேரை மட்டும் சொன்னா. "கஸ்பாரு…" ன்னா. அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டியிருக்கல.

நான் கரண்டியைப் போட்டுட்டு ரோட்டைக் கடந்து ஓடினேன். அமலோ கையிலருந்து விழுந்து கெடந்த காசு என் காலுல தட்டிச்சு, தட்டின தட்டுல சோடா மூடி மாதிரி உருண்டு சாக்கடை ஓரம் போச்சு. அன்னைக்குத் தெருவுல அதை எடுக்க முடியாத பொம்பளை ஒருத்திகூட இல்ல. யாரோ ஒரு சின்னப் பிள்ள அதைக் கழுவித் திரும்பப் படியிலயே வச்சிட்டுப் போச்சு.

ஒடம்பு இல்லாத சாவுக்கு எப்படி அழுறதுன்னு எங்களுக்குத் தெரியல. அவன் சட்டையை வச்சுப் பூசை வச்சோம். மாசினா அவ ஊருப் பாட்டு ஒண்ணைத் தாழ்ந்த கொரல்ல பாடினா, அந்தச் சொல்லெல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டேதான் முடிஞ்சுது. ஊருலருந்து அவ அம்மா போன்ல கூப்பிட்டாவ, வந்துருன்னு. அவன் கடல்லதான் இருக்கான், இந்தக் கடலும் அந்தக் கடலும் ஒண்ணுதானே, எங்க இருந்தா என்னன்னு சொல்லிட்டு இங்கேயே இருந்துட்டா. தெருவுல எல்லாரும் எப்பவும் இல்லாத அன்பா இருந்தோம். மீன் கொழம்பு குடுத்துவிட்டோம், தண்ணி பிடிச்சுக் குடுத்தோம். மனசாரத்தான் குடுத்தோம். ஆனா அவ சிரிச்சிக்கிட்டு இருந்த காலத்துல ஒரு குழம்பும் போனதில்லங்கிறதும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

கொடியேத்தத்துக்கு முந்தின நாளு கமிட்டிக்காரனுவ சேலையை அமலோ கையில குடுத்துட்டுப் போனானுவ. மறுப்பா பேசுவான்னு நெனச்சேன், வாங்கி மடியில வச்சுக்கிட்டா. கஞ்சி போட்டா, காயவச்சா. மத்தியானம் மடிப்பு எடுக்கிறதுக்கு ஒருத்தி அந்த முனையைப் பிடிக்கணுமே, சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு மாசினா வீட்டுக்குப் போனா.

மாசினா அப்பத்தான் வெளக்கமாறோட வெளிய வந்தா. அவன் போனப்புறம் அன்னைக்குத்தான் படியைக் கூட்ட வந்திருக்கா. குனிஞ்சு, பழக்கத்துக்கு ரெண்டு விரலைக் குடுத்தா காசுக்கு. வரல. நகத்தைக் குடுத்தா. வரல. வெளக்கமாறைக் கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா, அத்தனை பெரிய ஒடம்பு அது, படியே பேந்து வந்துரும்போல இருந்துச்சு, காசு வரல. எதிர் வாசல்ல இருந்த நான் அடுப்பைப் பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டேன். என்னைய மாதிரியே ஒவ்வொரு வாசல்லயும் திரும்பிக்கிட்டாளுவ. திரும்பினா என்ன, காது இருக்கே.

அமலோ சேலையோட அவ பக்கத்துல படியில உக்காந்தா.

"யாரு மேலட்டி?"ன்னு அமலோ மெதுவாக் கேட்டா.

"உங்க மேலதான் அக்கா."

"என் மேலயா? என்கிட்ட என்ன இருக்கு?"

மாசினா சொல்லக் கூச்சப்பட்டா. அப்புறம் உடைஞ்சு சொன்னா, "பெரிய அத்தான் இருமுதாரு. ஒவ்வொரு ராத்திரியும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமுதாரு. நீங்க எழும்பி, பாயை மிதிச்சு நடந்து, தண்ணி மோந்து குடுக்குற சத்தம் கேக்குது. சனியன் பிடிச்ச இருமல்னு நீங்க ஏசுதீங்க. எனக்குப் பொறுக்கல அக்கா. என் வயிறு எரியுது. அந்தத் தண்ணிச் சத்தம் கேக்கும்போது உங்களை எனக்குப் பிடிக்கவே இல்ல."

அமலோ அவளைப் பாத்தா. எத்தனை வருசமாக் கேட்ட பாக்கி அது, மாசினா கண்ணுல அவ மேல பொறாமை, பச்சையா, கலப்படம் இல்லாம. ரெட்டை வடத்துக்கு வராதது, மகன் மார்க்குக்கு வராதது, சந்தியாகோட இருமலுக்கு வந்து நிக்குது. அமலோ "இந்த முனையைப் பிடிட்டி"ன்னு சேலையை நீட்டினா. மாசினா பிடிச்சா. ரெண்டு பேருமா மடிப்பு எடுத்தாளுவ, காசு அவுக காலுக்கு நடுவுல கெடந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் அமலோ செஞ்ச மொத காரியத்தை நான் என் வாசல்லருந்து பாத்தேன். சுவரை ஒட்டி இருந்த ஜன்னலைச் சாத்தினா. கதவு இடுக்குல பழந்துணியைத் திணிச்சா. கட்டிலை அந்தச் சுவரை ஒட்டின அறையிலருந்து, ரோட்டுப் பக்கத்து அறைக்கு, தனி ஒருத்தியா இழுத்துப் போட்டா. சாயங்காலம் லாரியை விட்டுட்டு வந்த சந்தியாகு, அந்த வேக்காட்டுல எல்லாத்தையும் அடைச்சுப் போட்டிருக்கிறதைப் பாத்துட்டு, வாழ்க்கையில மொத தடவையா அவளைப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரு.

"ஏட்டி, என்னத்துக்கு இதெல்லாம்?"

ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு அவ சொன்னது. தன்கிட்ட உள்ள பொருளைக் களவுக்குப் பயந்து ஒளிக்கிறவ மாதிரி, கொரலைத் தாழ்த்தித்தான் சொன்னா.

"இந்தாரும், இனி இருமல் வந்தா தலையணையை வாயில வச்சுக்கிடும். அவளுக்குக் கேக்கப்படாது."